எண்ணப்படாத கண்கள்

அளவுகோல் எதுவும் தன்னை ஆக்கியவனின் தேவையைக் கடந்து அளப்பதில்லை. இவ்வுண்மையை மலையகத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிரட்டுக்களத்தில் அவர்தம் தலைகள் எண்ணப்பட்டன. செக்ரோலில் பேர் விழுந்தது. தராசில் கொழுந்து நிறுக்கப்பட்டது. ஆயின், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இந்நாட்டின் குடிமக்களை வரையறுத்தபோது அவர்களுட் பெரும்பாலோர் கணக்கிற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். உழைப்பாளராக எண்ணப்பட்டோர் மக்களாக எண்ணப்படாத இவ்வரலாறு, இன்று தொலைக்காட்சிக் கிரிக்கட்டின் பார்வையாளர் அளவீட்டிலே புதுவேடம் பூண்டு நிற்கின்றது.

அளவீடு எங்ஙனம் நிகழ்கின்றது? நாட்டின் எல்லா வீடுகளும் கணக்கெடுக்கப்படுவதில்லை. தெரிந்தெடுத்த சில வீடுகளில் மானி பொருத்தப்படும். அன்றேல் நாட்குறிப்பு வழங்கப்படும். அவ்வீட்டார் எந்த அலைவரிசையை எத்தனை நிமிடம் பார்த்தனர் என்பதிலிருந்து முழு நாட்டுக்குமான விகிதம் கணிக்கப்படும். அவ்விகிதமே விளம்பர நேரத்தின் விலையை நிர்ணயிக்கும். எனவே இங்கு விற்கப்படும் பண்டம் விளையாட்டன்று; பார்ப்பவனின் கண்களே பண்டம். வாங்கும் வலுவற்றவனின் கண்களுக்குச் சந்தையில் விலை குறைவு. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தைப் பல்லாண்டு போராடி 2021இல் பெற்ற மக்களின் கண்களை எந்த விளம்பரதாரர் விரும்பி வாங்குவார்?

எண்களையே சற்று நோக்குவோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தோட்டத்துறையில் வாழ்வோர் நாட்டு மக்களில் ஏறத்தாழ 4.4 சதவீதத்தினர். ஐந்நூறு வீடுகளைக் கொண்ட மாதிரி ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். விகிதாசாரத்தை வழுவாது பேணினும் தோட்டங்களுக்குக் கிடைப்பவை 22 வீடுகளே. ஒரு வீட்டார் அன்று தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உறங்கினால், தோட்டத்துறையின் கணக்கு நாலரை சதவீதத்தால் சரிந்துவிடும். ஹட்டனையும் நுவரெலியாவையும் பதுளையையும் இருபத்திரண்டு வீடுகளில் அடக்கி, ‘மலையகத்தார் பார்ப்பதில்லை’ என முடிவுகூறுதல் அறிவியலாகுமா? போதாக்குறைக்கு மானியும் மாசற்றதன்று. 2020 ஒக்டோபரில், மானி பொருத்திய வீட்டாருக்குப் பணங்கொடுத்து அளவீட்டைத் திரித்ததாக மும்பைப் பொலிசார் வழக்குத் தொடுத்தனர். அதனையடுத்து இந்தியச் செய்தி அலைவரிசைகளின் வாராந்த அளவீடே இடைநிறுத்தப்பட்டது.

“விளம்பரப் பணமின்றி ஒளிபரப்புரிமையை வாங்குவது எங்ஙனம்? எண்ணாமல் விளம்பரம் வருவது எங்ஙனம்?” என வினவுவோர் உளர். வினா நியாயமானதே, தனியார் நிறுவனத்துக்கு அது போதிய விடையுமாகும். பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அது விடையாகாது. ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் பரிவர்த்தனைக் கோபுரம் பீதுருதாலகால மலையில் நிறுவப்பட்டது. நாட்டின் அதியுயர் சிகரமாகிய அம்மலை, தேயிலை விளையும் நுவரெலியா மாவட்டத்திலேயே உள்ளது. கோபுரத்துக்கு எம் மலை வேண்டும். எம் மொழி வேண்டியதில்லையா?

நம் நாட்டுத் தொலைக்காட்சியிலே கிரிக்கட் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலுமே பேசிவந்துள்ளது. தமிழ் வர்ணனை கோரினால், ‘பார்ப்போர் எத்தனை பேர்?’ என்பர். மொழி இல்லாமையாற் பார்வையாளர் விலகுவர். பார்வையாளர் விலகியமையைக் காட்டி மொழி மறுக்கப்படும். இந்நச்சு வட்டத்தை எந்த மானியும் அறுக்காது. 2017இல் தமிழ்நாட்டுப் பார்வையாளர்க்கெனத் தமிழ் விளையாட்டு அலைவரிசையொன்று பிறந்தது. லயக்கூரையின் டிஷ் அப்பக்கம் திரும்புமாயின், ‘இவர்கள் மனம் இந்தியாவிலே’ எனப் பழிப்பதற்கும் சிலர் ஆயத்தமாக உளர். அழைக்காத வீட்டுக்கு ஏன் வரவில்லை எனக் கேட்பது என்ன நீதி?

கனடாவைப் பாருங்கள். பனிக்கட்டி ஹொக்கி அந்நாட்டின் உயிர்நாடியான விளையாட்டு. அதனை ஆடும் பஞ்சாபியரோ சிலர். எனினும் 2008 முதல் ஹொக்கி ஒளிபரப்பு பஞ்சாபி வர்ணனையோடும் வரலாயிற்று. மரஆலைகளில் உழைக்கச் சென்றோரின் வழித்தோன்றல்கள் தேசிய விளையாட்டைத் தம் தாய்மொழியிற் கேட்டனர். குடியேறியோர்க்கு அங்கு இயன்றது, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இம்மண்ணில் வியர்வை சிந்தியோர்க்கு இங்கு ஏன் இயலாது? இத்தனைக்கும் 2010இல் காலியில் எண்ணூறாவது டெஸ்ட் விக்கட்டை வீழ்த்திய முத்தையா முரளிதரன், தேயிலைத் தோட்டத் தொழிலுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன். அவர் வீழ்த்திய விக்கட்டுகள் ஒவ்வொன்றும் எண்ணப்பட்டன. அவரைக் கண்டு கைதட்டிய லயத்துக் கண்கள் எண்ணப்படவில்லை.

எனவே நாம் கோருவன மூன்று. தோட்டத்துறையைத் தனியாக, போதிய மாதிரியோடு அளத்தல் வேண்டும். மாதிரி வீடுகள் எவ்வாறு தெரியப்பட்டன என்பதைப் பகிரங்கப்படுத்தல் வேண்டும். பொது ஒளிபரப்பிலே தமிழ் வர்ணனையை முதலில் வழங்கி, அதன் பின்னர் எண்ணுதல் வேண்டும். பயிரிடாத நிலத்தில் விளைச்சலை அளக்கப் புகுவோன் விவசாயியல்லன். கொழுந்தின் நிறையை இம்மி பிசகாது அளக்கத் தெரிந்த இந்நாடு, கொழுந்து பறிப்பவரின் விருப்பையும் அளக்கக் கற்கட்டும்.