கல்லில் இல்லாத சரித்திரம்

பத்து நாட்களில் ஏழு ஐரோப்பிய நாடுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்த நண்பர் ஒருவருடன் சென்ற டிசம்பரில் கொல்லிமலைக்குப் போயிருந்தோம். மொத்தம் நான்கு பேர். கல்லூரி நாட்களிலிருந்தே சேர்ந்து வாசித்து, சேர்ந்து சண்டையிட்டுக்கொண்டிருப்பவர்கள். காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வண்டி ஏறி முடிப்பதற்குள் ரோம், பிளாரன்ஸ், பிராக், வியன்னா எல்லாவற்றையும் அவர் விவரித்து முடித்திருந்தார். கடைசி வளைவுக்குச் சற்று முன் அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "அங்க ஒவ்வொரு கல்லையும் காப்பாத்தி வெச்சிருக்காங்கய்யா. நம்மகிட்ட காட்ட என்ன இருக்கு?"

அடுத்த ஒரு நாள் முழுக்க அவர் கேள்விக்கு எங்கள் பயணமே சாட்சி சொல்வதுபோல அமைந்தது. செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த வல்வில் ஓரியின் சிலைமுன் படம் எடுத்துக்கொண்டோம். அறப்பளீசுவரரை வணங்கிவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையில் நனைந்து, மூச்சு வாங்க ஏறி வந்தோம். எட்டுக்கை அம்மன் கோயில், சோளக்காட்டில் அன்னாசிப்பழம், இரவு விடுதி. ஓரியின் அரண்மனை என்று ஒரு மண்மேடுகூட இல்லை. கோட்டைச்சுவர் இல்லை, நாணயக்கூடம் இல்லை. சங்கப் பாடல்களை அறிந்த நாங்கள் மூவரும் அறியாத ஒருவரிடம் தோற்றுப்போனவர்களாக இரவில் அமர்ந்திருந்தோம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. மறு பாதியை ஐரோப்பாவின் வரலாறே மறுக்கிறது. இன்று நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கும் ரோமானியப் பொதுமன்றம் பல நூற்றாண்டுகள் மண்மூடிக் கிடந்தது. அதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் 'மாட்டு வயல்'. தூண்களின் தலைப்புக்கு நடுவே மாடு மேய்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முறையாகத் தோண்டத் தொடங்கினார்கள். வார்சா நகரத்தின் பழைய பகுதியோ 1944 எழுச்சிக்குப் பிறகு நாஜிப் படையால் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கப்பட்டது. போருக்குப் பின் அதை மீண்டும் கட்டியபோது உதவியவற்றுள் பெலோட்டோ என்ற பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் வரைந்துவைத்திருந்த தெருக்காட்சிகளும் உண்டு. 1980இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதாவது அங்கே பயணி தொட்டுப் பார்க்கும் 'பழைய' சுவர் நம்மில் பலருடைய பெற்றோரின் வயதை ஒத்தது. பழையது கல் அல்ல, நினைவுதான். நினைவு உறுதியாக இருந்ததால் கல்லை மறுபடியும் அடுக்க முடிந்தது.

இந்த மலைக்கும் அப்படி ஓவியங்கள் உண்டு. அவை சொற்களில் உள்ளன. ஓரே அம்பில் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கச் செய்த வேட்டுவனை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் கல்லாடனார் பாட்டில் இருக்கிறது. தெய்வம் அமைத்த கொல்லிப்பாவை சங்கப் பாடல்கள் பலவற்றில் வருகிறாள். ஒரு மலைக்கு இவ்வளவு எழுத்துச்சாட்சி இருப்பது சாதாரணமல்ல. இரவு இதையெல்லாம் நான் ஆவேசமாகச் சொன்னேன். நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அதை நாளைக்கு எங்க போய்ப் பார்க்கிறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை, பட்டியலில் இல்லாத ஒரு சாலையில் வண்டியைத் திருப்பினோம். பெரக்கரை நாடு என்று ஊராட்சிப் பலகை ஒன்று நின்றிருந்தது. 'என்னது, நாடா?' என்று ஏழு நாடு பார்த்த நண்பர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று இந்த மலையின் ஊராட்சிகள் எல்லாமே நாடுகள்தாம். சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது தேசம் அன்று. சேர்ந்து வேளாண்மை செய்யும் சில ஊர்களின் தொகுதி. அதன் பெரியவர்கள் நாட்டார். கல்வெட்டுகளைக் கொண்டு சோழ மண்டலத்தின் நாடுகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தவர் எ. சுப்பராயலு, 1973இல் வெளிவந்த அவர் நூலைப் படிக்கையில், இவை இறந்துபோன சொற்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சமவெளியில் சாதி வழக்கிலும் கோயில் மரியாதையிலும் மட்டும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் அச்சொல், இங்கே அரசாங்கப் பலகையில் நீல எழுத்தில் நிற்கிறது. ரேஷன் அட்டையில் இருக்கிறது. இதைப் பாதுகாக்க எவரும் கம்பிவேலி போடவில்லை. மக்கள் தங்கள் ஊரை அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

சாலையோரக் களத்தில் ஒரு மூதாட்டி சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். "ஆயா, இது என்ன சாமை?" என்று கேட்டேன். பெயர் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, கேட்டுவைத்தேன். "கட்டவெட்டி" என்றார் உடனே. பிறகு விரல்விட்டு எண்ணினார்: மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, தினையில் செந்தினை, மூக்கன் தினை, கேழ்வரகில் இன்னும் சில. எது எந்தச் சரிவில் வரும், எது சீக்கிரம் அறுப்புக்கு வரும் என்று ஒவ்வொன்றுக்கும் குணம் சொன்னார். குறிஞ்சித் திணைப் பாடல்களில் கிளி ஓட்டும் பெண்கள் காத்த தானியம் இதுதானே என்று நான் மனத்துக்குள் சிலிர்த்துக்கொண்டேன். "இப்ப நிறைய போடறதில்லயா?" என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டா உமி போகக் குத்தணுமே தம்பி. பொழுது முச்சூடும் ஒலக்க. நீங்க வந்து குத்துவீங்களா?"

அந்தக் கேள்வியை இலக்கிய வாசகர்கள் அனைவரும் ஒருமுறை நேருக்கு நேர் கேட்டுக்கொள்வது நல்லது. கொல்லிமலையில் சிறுதானியம் சுருங்கிப்போனதற்கு அயலாரின் சதி எதுவும் காரணமல்ல. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி கையில் காசு தந்தது. சாமை பெண்களின் தோளை ஒடித்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்தபோது விதை வங்கியோடு உமி நீக்கும் இயந்திரத்தையும் ஊருக்குள் கொண்டுவந்தது. பெண்களின் உடல்வலியைக் கணக்கில் எடுக்காமல் விதையைக் காப்பாற்ற முடியாது என்ற புரிதல் அதில் இருக்கிறது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நகரத்துக் கடைகளில் சாமை ஒரே பெயரில், ஒரே பொட்டலத்தில் வந்தது. கட்டவெட்டி என்ற பெயர் அந்தப் பொட்டலத்தில் இல்லை.

எனக்கு இன்னோர் அடியும் விழுந்தது. ஓரியைப் பற்றி ஆயாவிடம் கேட்டேன். சிலை இருக்கிறது, ஆடியில் அரசாங்கம் விழா எடுக்கும் என்றார். "உங்க முன்னோர்தானே?" என்று விடாமல் கேட்டேன். "நாங்க காஞ்சிபுரத்திலேர்ந்து வந்தவங்க தம்பி" என்றார். மலையாளிப் பழங்குடியினரின் பழைய கதை இது. எட்கர் தர்ஸ்டன் 1909இலேயே பதிவு செய்திருக்கிறார். காஞ்சியிலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவரில் ஒருவர் சேர்வராயன் மலைக்கும், ஒருவர் பச்சைமலைக்கும், ஒருவர் கொல்லிக்கும் வந்தார்கள் என்பது கதை. இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி என்று நான் முன்னிரவு கட்டிய அரண்மனை அதோடு சரிந்தது. அவருக்கு அவருடைய சரித்திரம் இருக்கிறது. அது என் சங்க இலக்கியப் பெருமிதத்துக்கு அருங்காட்சியகமாக நிற்கவேண்டிய கடமை அதற்கில்லை.

ஐரோப்பியர் ஒருவர் இம்மலையை வேறுவிதமாகப் பார்த்தார். தொழுநோயாளிகளின் கைகளை அறுவைச் சிகிச்சையால் மீட்டுக்கொடுத்த, வேலூர் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பால் பிராண்ட் 1914இல் இங்கே ஆங்கிலப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். வயல் வரப்பில் சேற்றைக் கலக்கி விளையாடிய சிறுவர்களை ஒரு தாத்தா நிறுத்தி, கையில் ஒரு பிடிச் சேற்றை அள்ளிக்காட்டி, இதை இழந்தால் மலைக்கு மீட்சியில்லை என்று சொன்னதைப் பிற்காலத்தில் ஒரு கட்டுரையாக எழுதினார். மலைச்சரிவின் மடிப்புகளில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்களை நாங்களும் பார்த்தோம். அவற்றின் வரப்பு ஒவ்வொன்றும் தலைமுறைகளாகச் சரிசெய்யப்பட்டு வரும் கட்டுமானம்தான். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் கரைந்துவிடும். பிளாரன்ஸ் பேராலயத்தின் கூம்பைப் போலவே அதுவும் மனிதக் கையின் வேலை. நாங்கள் அதன்முன் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே நண்பரின் கேள்விக்கு என் பதில் இது. காட்டுவதற்கு நம்மிடம் இல்லாமலில்லை. நாம் போய்வருகிற விதத்தில் அது கண்ணில் படாது. இரண்டு நாளில் எட்டு இடம் என்ற பட்டியல் கல்லுக்கு ஏற்றது. கல் எவர் வந்தாலும் அதே முகத்தைக் காட்டும். பெயரும் விதையும் வரப்பும் கேட்டால்தான் பேசும், கேட்பதற்குப் பொழுது வேண்டும். அருவியை ஒருமுறை தவறவிட்டால் ஒன்றுமில்லை, அது அடுத்த ஆண்டும் விழும். கட்டவெட்டியின் குணம் தெரிந்த கடைசிப் பெண்ணைத் தவறவிட்டால் அந்த அறிவு போய்விடும். வார்சாவைப்போல வரைந்துவைத்த படத்தைப் பார்த்துத் திரும்பக் கட்டக்கூடியது அல்ல அது.

இறங்கும்போது நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த கோடையில் லிஸ்பன் போக எண்ணியிருப்பதாகச் சொன்னார். போகட்டும், அதுவும் பார்க்கவேண்டிய ஊர்தான். ஆயாவிடம் அவரும் இரண்டு படி சாமை வாங்கியிருந்தார். காரவள்ளியில் தேநீர்க்கடை வாசலில் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதுக்கு அந்தம்மா என்ன பேர் சொன்னாங்க?" அவர் கைபேசியிலேயே தட்டிக்கொடுத்தேன்.