சினிமாவுக்கு மொழி உண்டு

“சினிமாவுக்கு மொழி கிடையாது” என்ற வாசகம் இன்று பட விளம்பர மேடைகளில் வேதவாக்காகிவிட்டது. ஒரே நாளில் ஐந்து மொழிகளில் வெளியாகும் படத்தின் நாயகன் ஐந்து நகரங்களுக்கும் போய் இதைச் சொல்கிறார். சொல்வதற்கு முன் அந்தந்த ஊர் மொழியில் மனப்பாடம் செய்துவந்த இரண்டு வரிகளைப் பேசுகிறார். அரங்கம் அதிர்வது அந்த இரண்டு வரிகளுக்குத்தான். மொழி இல்லை என்ற பிரகடனத்தைக் கேட்க வந்த கூட்டம் தன் மொழிக்குக் கைதட்டிவிட்டுக் கலைகிறது.

விளம்பர மேடையில் இது வியாபாரம். அதில் குறை காண ஒன்றுமில்லை. இதே வாசகம் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளுக்குள்ளும் ‘பான் இந்தியா’ என்ற பெயரில் ஆய்வு வகைமையாக நுழைந்திருப்பதுதான் சிக்கல். வசூல், திரை எண்ணிக்கை, நட்சத்திர பிம்பம், தேசியம் ஆகிய அனைத்தும் அங்கே பேசப்படுகின்றன. படத்தில் மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பது மட்டும் பேசப்படுவதில்லை. விடுதித் தொலைக்காட்சி அறையில் ஒரு மாணவர் தனக்குப் பிடித்த பத்துப் படங்களையும் ஏமாற்றிய பத்துப் படங்களையும் அடுக்கினால், அது தனிப்பட்ட ரசனை என்று ஒதுக்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. “ஒட்டவில்லை” என்பதே அந்தச் சொல். “படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒட்டல.”

இந்த ‘ஒட்டவில்லை’ ஒரு மொழியியல் தீர்ப்பு. இன்ன ஊரில், இன்ன சாதியில், இன்ன தொழிலில் இருப்பவர் இப்படிப் பேசமாட்டார் என்று காது சொல்லும் தீர்ப்பு. கலைச்சொல் தெரியாததால் ரசிகர் அதைச் சுருக்கமாகச் சொல்கிறார். கலைச்சொல் தெரிந்தவர்கள் அதை விரித்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அத்தகைய பட்டியல்களில் பிடித்தவை பக்கத்தில் ‘சாய்ராட்’டும் ஏமாற்றங்கள் பக்கத்தில் ‘தடக்’கும் நிற்பது தற்செயல் அன்று. நாகராஜ் மஞ்சுளேயின் மராட்டிப் படம் 2016இல் வந்தது. அதன் இந்தி மறுஆக்கம் 2018இல். கதை ஒன்றே. பண்ணை வீட்டுப் பெண், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிப் பையன், காதல், ஓட்டம், கொலை. ‘சாய்ராட்’டின் ஆர்ச்சி சோலாப்பூர்ப் பக்கத்துக் கிராம மராட்டி பேசுகிறாள். மராட்டியில் சொன்னால் புரியாதா, ஆங்கிலத்தில் சொல்லட்டுமா என்று அவள் மிரட்டும் தோரணையில் பட்டீல் வீட்டின் அதிகாரம் முழுவதும் இருக்கிறது. அதே பெண் காதலனோடு ஐதராபாத்துக்கு ஓடிவந்ததும் ஊமையாகிறாள். சுற்றிலும் தெலுங்கு. ஊரில் அதட்டிப் பேசிய வாய் இங்கே ஒரு சொல்லுக்குத் தவிக்கிறது. பிறகு பாட்டிலில் அடைக்கும் ஆலையில் வேலைக்குப் போய், உடன் வேலை செய்பவளிடம் சொல் சொல்லாகத் தெலுங்கு கற்கிறாள். சாதியின் அதிகாரத்தைத் துறந்த ஒருத்தி உழைப்பாளியாக மறுபடி பிறப்பதை அந்தப் படம் மொழியின் வழியாகவே காட்டுகிறது. வசனகர்த்தா தனியாக விளக்கம் எழுத வேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

‘தடக்’ கதையை உதய்ப்பூருக்கு நகர்த்தியது. மேவார் வாடையில் சில சொற்களை வாக்கியங்களின் மேல் தூவியது. ஓடிப்போனவர்கள் கொல்கத்தாவில் குடியேறுகிறார்கள். அங்கே வங்காளம் ஊர் அடையாளமாக ஒலிக்கிறதே தவிர, பிழைப்பைத் தீர்மானிக்கும் சக்தியாக ஒலிப்பதில்லை. சாதியின் கூர்மை மழுங்கிவிட்டது என்று அப்போதே பலர் எழுதினார்கள். சாதி எந்த வாயில் இருந்ததோ அந்த வாயே மாற்றப்பட்டபின் சாதி மட்டும் எப்படி மிஞ்சும் என்ற கேள்வி அவ்வளவாக எழுப்பப்படவில்லை.

‘சாய்ராட்’டின் இறுதிக் காட்சியில் ஒலியே கிடையாது, ஒரு குழந்தை ரத்தக் கால்தடம் பதித்து வெளியே நடக்கிறது, உலகமே அதைப் புரிந்துகொண்டது, அப்படியானால் சினிமாவுக்கு மொழி தேவையில்லை என்றுதானே ஆகிறது என்று சிலர் வாதிடக்கூடும். ஏறத்தாழ மூன்று மணி நேரம் பேசிச் சிரித்துச் சண்டை போட்டு, புது மொழி ஒன்றையும் கற்றுக்கொண்ட இரண்டு குரல்கள் இல்லாமல் போனதைத்தான் அந்த மௌனம் உணர்த்துகிறது. அந்தக் குரல்களை முன்பு கேட்காதவருக்கு அது ஒலிப்பதிவுக் கோளாறாக மட்டுமே தோன்றியிருக்கும்.

இன்னொரு பெரிய வெற்றி ‘கே.ஜி.எஃப்.’ 2018இலும் 2022இலும் வந்த இரண்டு பாகங்களும் இந்தியா முழுதும் ஓடின. படத்தின் நாராச்சி கற்பனைச் சுரங்கம் என்பது உண்மை. ஆனால் தலைப்பில் இருக்கும் மூன்று எழுத்துகள் ஓர் உண்மையான ஊருக்கு உரியவை. கோலார் தங்க வயலில் 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்க வேலையைத் தொடங்கியது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக, 3 கிலோமீட்டரையும் தாண்டிய ஆழம் வரை இறங்கித் தங்கம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து போன தலித் தொழிலாளர்கள். தெலுங்கு பேசியவர்களும் இருந்தார்கள். கன்னட நாட்டின் எல்லைக்குள், ஆங்கிலேயக் கங்காணிப்பின் கீழ், தமிழும் தெலுங்கும் பேசி வாழ்ந்த ஊர் அது.

இந்த மொழி வரலாற்றின் சுவடு படத்தில் எங்கே? கன்னடப் பதிப்பில் அடிமைகள் கன்னடம் பேசுகிறார்கள், இந்திப் பதிப்பில் இந்தி பேசுகிறார்கள். தமிழ்ப் பதிப்பிலாவது வரலாறு தற்செயலாக வென்றிருக்கலாம். அங்கும் அவர்கள் பேசுவது எந்த ஊருக்கும் சேராத டப்பிங் தமிழ். தங்க வயலில் உண்மையாக உழைத்த மக்களின் மொழியிலேயே வெளியான பதிப்பிலும் அவர்கள் இல்லை. பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024இல் வந்தபோது, வட ஆற்காட்டுப் பேச்சு புரியவில்லை என்று தமிழ்நாட்டிலேயே சிலர் குறைபட்டார்கள். அந்தப் படத்தின் மாயக் காட்சிகள் பலருக்குச் சலிப்பு தந்திருக்கலாம். அது வேறு விவாதம். பேச்சு தெளிவாகப் புரிந்த படத்தில் அந்தத் தொழிலாளிகள் இல்லை. அவர்கள் இருந்த படத்தில் பேச்சு புரியவில்லை. எந்தத் தமிழ் புரிய வேண்டும் என்று யார் யாரைப் பழக்கியிருக்கிறார்கள் என்பதை ஆராய இதைவிடச் சிறந்த சான்று கிடைக்குமா?

பான் இந்தியா அலைக்கே பிள்ளையார் சுழி போட்ட ‘பாகுபலி’யின் கதை இன்னும் விசித்திரமானது. 2015இல் வந்த முதல் பாகம் தெலுங்கிலும் தமிழிலும் படமாக்கப்பட்டு, இந்தி முதலிய மொழிகளுக்கு மாற்றப்பட்டது. மகிழ்மதியின் அரசியும் அடிமையும் பதிப்புக்கு ஏற்ப மொழி மாறுகிறார்கள். காலகேயர்கள் மட்டும் மாறுவதில்லை. அவர்களுக்கென்று மதன் கார்க்கி உருவாக்கிய ‘கிளிக்கி’ மொழியையே எல்லாப் பதிப்புகளிலும் பேசுகிறார்கள். சொற்களஞ்சியமும் இலக்கணமும் கொண்டு உழைத்துச் செய்யப்பட்ட மொழி அது. அந்த உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் அது யாருக்கு அளிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். கறுப்புச் சாயம் பூசிய, காட்டுமிராண்டிகள் என்று அடையாளமிடப்பட்ட கூட்டத்துக்கு. புரியாத ஒலி என்றாலே அச்சமூட்டுவது, அருவருப்பானது என்ற பழைய எண்ணத்துக்குப் புதிய இலக்கணம் கிடைத்தது. இந்தியாவில் நூற்றுக்கணக்கான மொழிகள் உண்மையாகப் பேசப்படுகின்றன. பழங்குடி மொழிகள் பல தள்ளாடி நிற்கின்றன. இந்த நாட்டின் மாபெரும் வெற்றிப்படத்தில் மாற்றப்படாமல் எல்லை கடந்த ஒரே மொழி, எவருக்கும் தாய்மொழியாக இல்லாத மொழி. மொழி கிடையாது என்ற வாசகத்தின் தருக்க முடிவு இதுவே.

இந்தி சினிமா தமிழைக் கையாளும் விதமும் இதன் இன்னொரு முகம். 2013இன் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ஸில் தமிழ் வசனங்கள் ஏராளம், அந்த அளவில் அது துணிச்சல் என்றே சொல்லலாம். ஆனால் அங்கே தமிழ் பெரும்பாலும் சிரிப்பதற்கும் மிரள்வதற்குமான சத்தம். நாயகியின் தமிழும் தமிழரின் தமிழாக ஒலிக்கவில்லை. 1981இல் கே. பாலச்சந்தர் எடுத்த ‘ஏக் துஜே கே லியே’யை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். இந்தி அறியாத தமிழ்ப் பையன், தமிழ் அறியாத இந்திப் பெண். மின்தூக்கிக்குள் நடக்கும் பாட்டு ஒன்று முழுக்க இந்திப் படங்களின் பெயர்களைக் கோத்துக் கட்டப்பட்டது. மொழி தெரியாதவன் சினிமாப் பெயர்களைக் கொண்டே காதலைச் சொல்கிறான். ஒரு ரசிகரின் பிடித்த படப் பட்டியலே அங்கு அகராதியாகிறது. மொழி ஒரு தடை, அதைக் கடக்க உழைக்க வேண்டும் என்பதை அந்தப் படம் ஒப்புக்கொள்கிறது. அதன் மூலமான தெலுங்கு ‘மரோ சரித்ரா’ 1978இல் வந்து, டப்பிங் இல்லாமல் தெலுங்கிலேயே சென்னையில் ஓராண்டுக்கும் மேல் ஓடியதை இன்றைய ஐந்து மொழிச் சுவரொட்டிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

இதைச் சொல்லும்போது தமிழ்த் திரை தன்னைத் தூயதாக எண்ணிக்கொள்ள இடமில்லை. ‘நம்பள், நிம்பள்’ என்று பேசும் சேட்டு, மூக்கால் பேசும் மலையாளி டீக்கடைக்காரர், ஷாப்ஜி என்று கும்பிடும் கூர்க்கா ஆகியோர் அனைவரும் தமிழ்ப் படங்கள் உற்பத்தி செய்தவர்களே. வடசென்னைப் பேச்சு எத்தனை பத்தாண்டுகள் ரவுடிக்கும் கோமாளிக்கும் மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதும் தெரிந்ததே. ‘மீனம்மா’வின் தமிழுக்குக் கொதித்தெழுந்தவர்கள் சேட்டின் தமிழுக்குச் சிரித்தவர்கள்தாம்.

டப்பிங்கை ஆதரிப்போரின் வாதம் ஒன்றைக் கட்டாயம் மதிக்க வேண்டும். துணைத்தலைப்பைப் படிக்க எழுத்தறிவும் வேகமும் வேண்டும். கோடிக்கணக்கானோருக்கு டப்பிங்தான் வாசல். இது உண்மை. டப்பிங்கை இழிவாகப் பார்ப்பது படித்தவரின் மேட்டிமை. ‘புஷ்பா’ 2021இல் வந்தபோது, அல்லு அர்ஜுன் பேசிய சித்தூர் வட்டாரத் தெலுங்குதான் தெலுங்கு ரசிகர்களுக்குப் புதுமை. இந்தியில் ஷ்ரேயஸ் தல்படேயின் குரல் அந்தத் திமிரைக் கொண்டுசேர்த்தது. சித்தூர் வழியிலேயே உதிர்ந்தது. மொழிபெயர்ப்பில் இத்தகைய இழப்பு இயல்பு. மூலத்தில் ஒன்று இருந்தது, அதில் ஒரு பகுதி இழந்தது, மீதி வந்து சேர்ந்தது. கண்டிக்க வேண்டியது வேறு: ஐந்து மொழிகளிலும் சிக்கலின்றிப் பொருந்த வேண்டும் என்பதற்காக எந்த மொழியிலும் வேர் விடாமல் மூலமே எழுதப்படும் நிலை. அங்கே இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பஞ்ச் வசனம், முழக்கம், சாபம், சபதம் என்று எளிதில் பெயர்க்கக்கூடியவை மட்டும் எழுதப்படுகின்றன. வீட்டுப் பேச்சு, கிண்டல், உறவுச் சொல், தயக்கம் ஆகியவை உதறப்படுகின்றன.

எதிர்ச்சான்றும் கண்முன்னே இருக்கிறது. ‘காந்தாரா’ 2022 செப்டம்பரில் கன்னடத்தில் மட்டும் வெளிவந்தது. கரையோரக் கன்னடமும் பூத கோலமும் கொண்டு அந்த மண்ணுக்காக எடுக்கப்பட்ட படம்; அங்கே கொண்டாடப்பட்ட பிறகே இரண்டு வாரங்கள் கழித்து மற்ற மொழிகளுக்குப் போனது. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 2024இல் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் மலையாளத்திலேயே ஓடி பெருவெற்றி கண்டது. அதில் கொச்சிப் பக்கத்துப் பையன்கள் மலையாளம் பேசுகிறார்கள், கொடைக்கானல்காரர்கள் தமிழ் பேசுகிறார்கள். குழிக்குள் நண்பன் விழுந்தபின், அவனைக் காப்பாற்ற அந்நிய மொழியில் கெஞ்ச வேண்டிய அவலம் படத்தின் பதற்றத்தில் பாதி. எல்லோரையும் ஒரே மொழியில் பேச வைத்தால் அந்தப் பாதி போய்விடும். இரண்டு மொழிகளையும் ஒரே படத்தில் கேட்ட தமிழ் ரசிகர் குழம்பிவிடவில்லை. கூட்டம் கூட்டமாகப் போனார்.

இந்த ஆற்றல் அவருக்குப் புதிதாக வந்ததும் அன்று. தமிழின் முதல் பேசும்படம் என்று போற்றப்படும் 1931இன் ‘காளிதாஸ்’ஸில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழ் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். பல மொழி ஒரு திரையில் என்பதோடுதான் தென்னிந்தியப் பேசும்படமே தொடங்கியது. 90 ஆண்டுகளுக்குப் பிறகு ரசிகரின் காது மந்தமாகிவிட்டது என்று கருதுபவர்கள் தயாரிப்பாளர்களும் ஆய்வாளர்களும் மட்டுமே.

ஆகவே, பான் இந்தியாவைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதுபவர் வசூல் அட்டவணையைச் சற்று ஒதுக்கி வைக்கட்டும். படத்தின் இரண்டு பதிப்புகளை எடுத்து, ஒரே காட்சியில் யார் யாரை எப்படி விளிக்கிறார்கள், எவருடைய பேச்சுக்கு ஊர் இருக்கிறது, எவருடைய பேச்சுக்கு இல்லை, எவர் பேசாமலே செத்துப்போகிறார்கள் என்று எழுதிப் பார்க்கட்டும். பிறகு விடுதி அறைக்குப் போய், ஒட்டவில்லை என்று சொன்ன மாணவரிடம் எந்த இடத்தில் ஒட்டவில்லை என்று கேட்கட்டும். அவர் துல்லியமாக வசனத்தையே சொல்லிக்காட்டுவார்.