எல்கடுவ: சொந்த ஊரில் 'அத்துமீறிக் குடியேறியவர்கள்'

மாத்தளை, எல்கடுவ பெருந்தோட்டத்துக்கு உட்பட்ட ரத்வத்தைத் தோட்டத்தில் 2023 ஆகஸ்டில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடில் உடைத்தெறியப்பட்டது. தோட்ட அதிகாரி ஒருவர் சம்பந்தப்பட்ட அந்தச் சம்பவம் காணொளியாகப் பரவியது. அப்போது அமைச்சராக இருந்த ஜீவன் தொண்டமான் நேரில் போனார், அதிகாரியுடன் வாக்குவாதப்பட்டார், அதுவும் காணொளியானது. பரபரப்பு அத்தோடு அடங்கிவிட்டது.

அதே மாதம்தான், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி மாத்தளையை வந்தடைந்திருந்தது.

அந்தக் குடில் நிர்வாகத்தின் கணக்கில் 'அனுமதியற்ற கட்டடம்'. லயனில் ஒரு காம்பராவும் ஒரு குசினியும். பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் முடித்தால் எங்கே படுப்பது? பக்கத்தில் நாலு தகரம் அடிக்கிறார்கள். காணி தோட்டத்துக்குரியது என்பதால், பாட்டன் காலம் முதல் அங்கேயே இருப்பவர் அத்துமீறியவர் ஆகிறார். எல்கடுவ தனியார் கம்பனி அல்ல, அரசுக்குச் சொந்தமான நிறுவனம் என்பதையும் மறக்க வேண்டாம். தன் பிரஜையை வெளியாராக நடத்தும் காணிக்காரர் இங்கே அரசேதான்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 2003இல்தான் மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. ஆனால் தோட்டங்களில் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்த 33ஆம் பிரிவைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்குச்சீட்டு வந்து பல வருடங்களுக்குப் பிறகும், தோட்டத்துப் பாதைக்குக் கல் போடத் தனக்கு அதிகாரமில்லை என்று சபை சொல்ல முடிந்திருக்கிறது!

இதைத் தெற்கின் குற்றமாக மட்டும் எழுதி முடித்தால் வடக்கில் வாசிப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டுத் தமிழ் மண் காக்கும் என்று நம்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த மலையகக் குடும்பங்களை நாம் என்னவென்று அழைத்தோம்? 'தோட்டக்காட்டார்' என்ற சொல் சிங்களத்திலிருந்து வந்ததல்ல. காடு வெட்டிக் கழனியாக்கியவர்கள் அவர்கள். எல்லைக் கிராமங்களில் முதலில் குடியேற்றப்பட்டவர்கள் அவர்கள். முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். போருக்குப் பிறகு மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம் என்று வந்தபோது உறுதிப்பத்திரம் கேட்கப்பட்டது. அவர்களில் பலரிடம் காட்ட உறுதி இருக்கவில்லை.

ரத்வத்தையில் தகரத்தைப் பிடுங்கியவருக்கும், வன்னியில் 'நீங்கள் எந்த ஊர்?' என்று கேட்பவருக்கும் மொழி வேறு. கேட்கப்படுபவருக்கு இரண்டும் ஒரே கேள்விதான்.

மலையகத்துக்குப் பத்துப் பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. வீடு கட்டிக் கொடுத்துச் சாவியைக் கையில் கொடுக்கும் விழாக்களுக்குக் குறைவில்லை. கேட்க வேண்டியது, காணி உறுதி யாருடைய பெயரில் எழுதப்படுகிறது என்பதை. உறுதி கையில் இருந்தால், ரத்வத்தையில் நடந்ததைப் போல ஒன்றைச் செய்ய வருபவர் முதலில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும்.