பறக்கிறதே என்று நம்பி விடாதீர்கள்!

சென்ற மாதம் என் கேமரா ட்ரோன், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இடித்துத் தரையில் விழுந்தது. இடுப்பளவு உயரம்தான். எடுத்துத் துடைத்து மீண்டும் பறக்க விட்டேன். ஜம்மென்று பறந்தது. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று தெருவைச் சுற்றி வீடியோவும் எடுத்தேன்.

அன்றிரவு மெமரி கார்டில் இருந்த அந்த வீடியோவை கம்ப்யூட்டரில் முழுத் திரையில் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கட்டிடங்கள் ஜெல்லி போல நெளிந்தன. ஒரு ப்ரொப்பெல்லரில் மயிரிழை விரிசல்! நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுற்றும் இறக்கை அது. நடுவானில் உடைந்திருந்தால் யார் தலையில் விழுந்திருக்குமோ!

பறந்து பார்ப்பது சோதனை ஆகாது. சோதித்த பிறகுதான் பறக்க விட வேண்டும் என்பதே என் கருத்து.

விழுந்தவுடன் பவரை நிறுத்தி பேட்டரியைக் கழற்றுங்கள். லித்தியம் பேட்டரி உப்பியோ நசுங்கியோ இருந்தால் சார்ஜ் செய்யவே கூடாது, தீப்பிடிக்கக் கூடும். ப்ரொப்பெல்லர்களை விரலால் தடவிப் பாருங்கள். கீறல் இருந்தால் மாற்றி விடுங்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள். மோட்டார்களைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல் இருந்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள். எல்லாம் சரியென்றால் ஆளில்லாத வெட்டவெளியில் தாழ்வாக ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அந்த வீடியோவையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

பத்து நிமிட வேலைதான். சோம்பல் படாதீர்கள்!