கொல்லிப்பாவையின் நகை

காவல் தெய்வம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது எது? உருட்டி விழித்த கண்ணும், முறுக்கிய மீசையும், ஓங்கிய அரிவாளுமே அன்றோ? புதுவீட்டில் கட்டும் திருஷ்டிப் பொம்மைக்கும் கோரைப் பல் வைத்தால்தான் நமக்கு நிம்மதி. கிரேக்கரும் இவ்வாறே எண்ணினர். கி.மு. 580-ஐ ஒட்டிக் கோர்பூ தீவில் எழுந்த ஆர்ட்டெமிஸ் தேவியின் ஆலய முகப்பில், பாம்புகளை அணிந்து பல்லைக் காட்டும் மெடூஸாவைச் செதுக்கி வைத்தனர். அவளை நேரே நோக்கியவர் கல்லாய்ப் போவர் என்பது கதை.

நம் கொல்லிமலையின் காவல் தெய்வமோ சிரிக்கிறாள்!

நாமக்கல் மாவட்டத்தில், ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்து கிடப்பது இம்மலை. அதன் பலாவையும் தேனையும் அருவியையும் விரும்பி அசுரர் வந்து தொல்லை செய்தனராம். மலையைக் காக்கத் தேவர்கள் ஓர் அழகிய பெண்பாவையை அங்கே நிறுத்தினராம். அசுரரின் வாடை பட்டதும் பாவை புன்னகை புரியும். அதில் மயங்கி அருகில் வந்தவன் மடிவான். கதை இவ்வளவே.

சங்கப் புலவர்களும் இப்பாவையை நன்கு அறிவர். கொல்லியை அச்சம் முதிர்ந்த மலை என்று கூறும் குறுந்தொகைப் பாட்டும், பாவையை மட்டும் நல்லழகி என்றே பேசுகிறது. காற்று மோதினும், இடி விழினும், நிலமே அதிரினும் அழகு குன்றாத அப்பாவையைப்போல், காதலி தன் நெஞ்சைவிட்டு நீங்காள் என்கிறான் நற்றிணைத் தலைவன் ஒருவன். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரு பாட்டில் இது வல்வில் ஓரியின் கொல்லி. மற்றொன்றில் சேரன் பொறையனின் கொல்லி. காரி என்பவன் ஓரியைக் கொன்று மலையைச் சேரருக்குக் கொடுத்த செய்தியை அகநானூறு சொல்கிறது. மலைக்கு உடையவர் மாறினர், பாவை மாறவில்லை.

காதலன் கண்ட அழகும் அசுரன் கண்ட மரணமும் ஒரே முகத்தில் எவ்வாறு பொருந்தும்? பொருந்தும் என்பதே நம் கருத்து. மெடூஸாவின் பார்வைக்கு நல்லவன், தீயவன் என்ற பேதம் இல்லை. ஆகவே பெர்சியூஸ் என்ற வீரன் அவள் தலையைக் கொய்ய வேண்டியிருந்தது. பாவையின் நகையோ வருபவன் மனத்தை அளக்கும் துலாக்கோல். அன்போடு வந்தவனுக்கு அது அருள். கொள்ளையிட வந்தவனுக்கு அவன் ஆசையே யமன். மலையின் இயல்பும் அதுதான். வனப்பைக் காட்டி அழைக்கும். பேராசையோடு ஏறுபவனைப் பள்ளத்தில் தள்ளும். அவள் தலையை அறுத்த வீரன் எவனும் நம் கதையில் இல்லை. இன்று மலைமக்கள் எட்டுக்கை அம்மன் என்று கும்பிடும் தாய் அவளே என்பது நம்பிக்கை.

இதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடலாமா? கொல்லிமலையில் தெய்வத்திற்கென்று விடப்பட்ட கோவிற்காடுகள் பல உண்டு. அங்கே கோடரி எடுக்கலாகாது என்பது முன்னோர் கட்டுப்பாடு. சட்டப் புத்தகமும் சேவகனும் இன்றி அம்மரங்கள் நின்றது அம்மன்பால் கொண்ட அச்சத்தாலும் அன்பாலுமே. இப்பொழுது 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து எவரும் மலையேறலாம். தினையும் சாமையும் விளைந்த நிலம் பலவற்றில் மரவள்ளி வளர்கிறது. கதையை நம்புவோர் குறையக் குறைய, காடும் குறைய வேண்டுமா?

அசுரனுக்குக் கொம்பும் கோரைப் பல்லும் இருக்கவேண்டும் என்பதில்லை. பையில் பணத்தோடும், கையில் கோடரியோடும், உல்லாசப் பயணம் என்ற பெயரில் போத்தல்களோடும் அவன் வரலாம். பாவை இன்னும் அங்கே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மலையேறும் நேயர்கள், அந்தச் சிரிப்பு தம்மை யாரென்று கண்டு சிரிக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக.