பாரிசவாயுவும் விழுந்த கையும்

இளம்பிள்ளையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தறிதான் சோறு போடுகிறது என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கைத்தறியானாலும் விசைத்தறியானாலும், அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட விரல் வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்குப் பாரிசவாயு என்னும் பக்கவாதம் வந்து கை விழுந்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் பிழைப்பும் கூடவே விழுந்துவிடுகிறது.

அந்தச் சமயத்தில் நம் மக்களில் பலர் செய்கிற காரியம் என்ன? ஜோசியரைக் கூப்பிட்டுக் கிரகம் பார்க்கிறார்கள். மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிறார்கள். புறாவை அறுத்து அதன் இரத்தத்தைச் சூட்டோடு கையிலும் காலிலும் தேய்க்கிறார்கள். அமாவாசைக்கு அமாவாசை கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுகிறார்கள். இத்தனையும் செய்து கை அசையாமற் போனால், “போன ஜென்மத்து வினை, தலையெழுத்து” என்று சொல்லி மூலையில் படுக்க வைத்துவிடுகிறார்கள். காணிக்கை வாங்கினவர்களும் தட்சணை வாங்கினவர்களும் வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்ததாக யாராவது கேட்டதுண்டா என்று கேட்கிறோம்.

உண்மையில் இந்த நோய் கையிலே இல்லை. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது, அல்லது வெடித்து உள்ளே இரத்தம் கசிகிறது. அதனால் மூளையில் ஒரு பாகம் கெடுகிறது. இடது மூளை கெட்டால் வலது கையும், வலது மூளை கெட்டால் இடது கையும் விழுகின்றன. இரத்தக் கொதிப்பும், சர்க்கரை வியாதியும், புகையிலையும் இதற்கு முக்கிய காரணங்கள். கோளாறு மண்டையோட்டுக்குள் இருக்க, புறாவின் இரத்தத்தைத் தோலின்மேல் தேய்ப்பதால் என்ன பயன்?

ஆகையால் வாய் கோணினாலும், கை சோர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், உடனே 108 வண்டியைக் கூப்பிட்டு, தலையைப் படமெடுத்துப் பார்க்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடைப்புத்தான் என்று தெரிந்தால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதற்குள் அந்த நேரம் போய்விடும்.

நிற்க, உயிர் பிழைத்தபின் கை என்னாவது? கெட்டுப்போன பாகம் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் கெடாமல் மிஞ்சியிருக்கிற பாகம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளக் கூடும். அது எப்படியென்றால், தறியில் புதிதாக உட்காருகிற பிள்ளை தொழில் கற்பது போலத்தான். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து செய்தே கை படிகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியின்படி, ஒரு வேளைச் சிகிச்சையில் கையைக் கொண்டு காரியமாகச் செய்த அசைவு சராசரி 32 தான். நாடா தள்ளிப் பழகினவர்களுக்கு இது எவ்வளவு சொற்பம் என்று தெரியும்.

இந்தக் குறையை நிரப்பத்தான் யந்திரமும் மின்சாரமும் வந்திருக்கின்றன. முன்கையில் தகடுகளை ஒட்டிச் சிறு மின்சாரம் செலுத்தினால் தசை சுருங்கி, மூடின விரல் விரிகிறது. நோயாளி தாமும் விரிக்க முயலும்போதே மின்சாரம் பாய்ந்தால் பலன் அதிகம் கிடைக்கலாம். இருதயத்தில் கருவி வைத்திருப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது. ரோபோ என்னும் யந்திரமோ, கையைப் பிடித்துக்கொண்டு, முடியாத அளவுக்கு மட்டும் உதவி செய்து, நூற்றுக்கணக்கான தடவை அசைக்க வைக்கிறது. இது சீமைச் சரக்கு மட்டுமல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் சென்னை ஐ.ஐ.டி.யாரும் சேர்ந்து ‘புளூட்டோ’ என்று ஒரு கருவி செய்திருக்கிறார்கள். ஒரே மோட்டாரில் பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, மணிக்கட்டு, முன்கை, விரல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பயிற்சி கொடுக்கலாம். அதன் விவரம் 2021-இல் வெளியாயிற்று.

ஆனால் யந்திரத்தையும் ஒரு சாமியாக்கிவிடக் கூடாது என்பதை வற்புறுத்திச் சொல்லுகிறோம். பிரிட்டனில் 770 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2019-இல் வெளியிட்ட முடிவில், வழக்கமான சிகிச்சையைவிட ரோபோப் பயிற்சி கையின் உபயோகத்தை அதிகம் திருத்தவில்லை என்று கண்டார்கள். கண்டதை ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். எந்தப் புரோகிதனாவது தன் மந்திரத்தை இப்படிச் சோதிக்கச் சம்மதிப்பானா? ஆகவே, ரோபோவைக் காட்டி லட்சம் லட்சமாய்க் கேட்பவனிடமும், என்ன ருசு என்று கேட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். யந்திரம் பயிற்சிக்குத் துணையே தவிர, பயிற்சிக்குப் பதிலாகாது.

இன்னொரு அக்கிரமமும் உண்டு. புருஷனுக்குக் கை விழுந்தால் மனைவி வேளை தவறாமல் விரலை நீட்டி மடக்கிவிடுகிறாள். மனைவிக்குக் கை விழுந்தால் அவ்விதம் செய்கிற புருஷன் எத்தனை பேர்? அவளும் தறிக்கு உழைத்தவள்தானே? அவள் விரலுக்கும் அதே பயிற்சி வேண்டும் என்பதை ஆண்கள் உணர வேண்டும்.

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, உடற்பயிற்சிச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருவதும் அதில் சேர்க்கப்பட்டது. அந்தக் கொள்கை சரியானது. கை விழுந்த ஒவ்வொருவருக்கும் அது கிடைக்கும்படி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்க வேண்டும். மின்சாரக் கருவியும், ருசுவான மற்றக் கருவிகளும், பணமுள்ளவன் போகிற இடத்தில் மட்டுமல்லாமல், தறிக்காரர் நடந்து போகக்கூடிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் இருக்க வேண்டும். இது யாரும் போடும் பிச்சையல்ல. வரி கொடுக்கிறவர்களின் உரிமை.

தோழர்களே! உங்கள் வீட்டில் இந்த நோய் கண்டால் தாயத்துக்கும் புறாவுக்கும் வைத்திருக்கும் பணத்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிச் சத்தத்துக்குச் செலவு செய்யுங்கள். பிறகு மாதக்கணக்கில், தினமும், சலிக்காமல் அந்தக் கையை வேலை வாங்குங்கள். எல்லாக் கையும் பழையபடி ஆகிவிடும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் விதி என்று விட்ட கைக்குக் கிடைக்காத வாய்ப்பு, பழக்குகிற கைக்கு உண்டு.