அல்சூரும் ஹலசூரும் ஒண்ணுதான், சத்தியமா!

கொஞ்ச நாளாகவே எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்த விஷயம் இது. ஊர்ப் பெயர் என்று ஆரம்பித்தாலே நம்மாட்கள் வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார்கள். அதுவும் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு எழுதினால்... சரி, ஆனது ஆகட்டும்.

எங்கள் கிளைக்கு ஒரு பாட்டி வருவார். எழுபதைத் தாண்டியவர். கணவர் போனபின் வரும் குடும்ப பென்ஷன்தான் வாழ்க்கை. பிறந்தது, வாக்கப்பட்டது, பிள்ளை பெற்றது எல்லாமே அல்சூரில். கேஒய்சி புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. எங்கள் பதிவில் இருந்த பழைய முகவரியில் ஆங்கிலேயர் விட்டுப்போன 'உல்சூர்'. அவர் கொண்டு வந்த அட்டையில் 'ஹலசூரு'. முகவரி பொருந்தவில்லை என்று கணக்கு நின்றுவிட்டது.

இரண்டும் ஒன்று என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நாளைக்கு ஆடிட்டில் கேள்வி வந்தால் 'எனக்குத் தெரியும்' என்பது பதில் ஆகாது. நோட்டரியிடம் போய் ஒரு அஃபிடவிட் வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

"தம்பி, தெருவும் மாறல, வீடும் மாறல. நான் என்னத்தச் சத்தியம் பண்ணுறது?" என்றார்.

நாலு நாள் கழித்துக் கொண்டு வந்தார். முத்திரைத்தாளில், கையெழுத்துப் போட்டு, மேற்படி இரண்டு பெயர்களும் 'ஒன் அண்ட் த சேம்' என்று பிரமாணம். ஆட்டோவுக்கும் நோட்டரிக்கும் ஆன செலவு போக, அந்த நாலு நாளும் மருந்துக் கடையில் கடன் சொல்லியிருக்கிறார். ஒரு அட்டவணையில் ஒரே ஒரு வரி செய்ய வேண்டிய வேலையை, ஒரு கிழவி அலைந்து திரிந்து செய்து முடித்தார். அலையவிட்டவன் நான்தான். அது இன்னும் உறுத்துகிறது.

யார் மேல் தப்பு? கன்னடப் பெயர் வைத்தவர்கள் மேலா? இல்லவே இல்லை. ஹலசு என்றால் கன்னடத்தில் பலா. ஹலசூரு என்பது அந்த இடத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர். தப்பு எங்கே என்றால், நம் கணினிகளில் ஊர்ப் பெயருக்கு ஒரே ஒரு பெட்டி வைத்ததில். ஒரு பெட்டிதான் என்றால் ஒருவர் பெயர் உள்ளே போக மற்றவர் பெயர் வெளியே போகும். சண்டை வராமல் என்ன செய்யும்?

2014 நவம்பர் 1-ஆம் தேதி கர்நாடகா 12 ஊர்களின் பெயரை மாற்றியது நினைவிருக்கும். மைசூரு, பெளகாவி, ஹுப்பள்ளி, கலபுரகி என்று பட்டியல். யோசித்துப் பாருங்கள், கன்னடத்தில் இது எப்போதுமே பெங்களூருதான். அன்று மாறியது பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டல். ஆனால் அந்த ஒற்றைப் பெட்டியில் இருந்தது ஆங்கிலம் என்பதால் ஊரே மாறியது போல ஆகிவிட்டது. இன்றைக்கும் கே.ஆர்.புரம் போய்ப் பாருங்கள். ரயில் நிலையம் 'கிருஷ்ணராஜபுரம்'. பக்கத்திலேயே 2023-இல் திறந்த மெட்ரோ நிலையம் 'கிருஷ்ணராஜபுரா'. வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு இரண்டு ஊர்!

இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. பேகூர் நாகேஸ்வரர் கோயிலில், சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டில் பெங்களூர் பெயர் வருகிறது. மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 1247-ஆம் வருடத் தமிழ்க் கல்வெட்டில் அதே ஊர் 'வெங்களூர்', பேகூர் 'வேப்பூர்'. கன்னடத்துக்கு ப, தமிழுக்கு வ. ஒரே ஊருக்கு இரண்டு மொழியில் இரண்டு பெயர், இரண்டும் கல்லிலேயே இருக்கிறது. கல்வெட்டு வெட்டியவருக்கு இல்லாத குழப்பம் நமக்கு ஏன்?

வங்கிக்காரன் புத்தியில் யோசித்தால் இதற்கு வழி சுலபம். வாடிக்கையாளரை நாங்கள் பெயரை வைத்தா அடையாளம் காண்கிறோம்? ஒரு எண் கொடுக்கிறோம். கல்யாணமாகிப் பெயர் மாறலாம், இனிஷியல் முன்னே பின்னே போகலாம், எண் மாறாது. ஊருக்கும் அதேதான். ரயில்வேயைப் பாருங்கள். சங்கொள்ளி ராயண்ணா பெயர் வைத்த பிறகும் பெங்களூர் நிலையத்தின் குறியீடு எஸ்பிசி. 2019-இல் எம்ஜிஆர் பெயர் வைத்த பிறகும் சென்ட்ரலுக்கு எம்ஏஎஸ். ஒரு டிக்கெட் கூட தடுமாறவில்லை.

பின்கோடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1972-இல் வந்த அந்த எண், தபால் பட்டுவாடா செய்யும் எல்லைக்கு உள்ளது. ஒரு பின்கோடுக்குள் பல இடங்கள் அடங்கும். கடிதம் கொண்டு சேர்க்க அது போதும், இடத்துக்கு அடையாள எண்ணாக ஆகாது.

இந்த எண்ணும் பல பெயரும் என்கிற ஏற்பாடு ஏற்கெனவே பொதுச் சொத்தாக இருக்கிறது. 2004-இல் ஆரம்பித்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு இடத்துக்குப் பெயர் என்று ஒரு பெட்டி, கூடவே கன்னடப் பெயர், தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், பழைய பெயர், மாற்றுப் பெயர், அரசுப் பெயர் என்று தனித்தனிப் பெட்டிகள். 2012-இல் வந்த விக்கிடேட்டாவில் பெங்களூர் என்பது க்யூ1355. அந்த எண்ணின் கீழ் உலகத்தில் உள்ள மொழிகள் எல்லாம் வரிசையாக. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், வங்கி உட்பட. அன்று எங்கள் கணினி இப்படி ஒரு பட்டியலைப் பார்த்திருந்தால் பாட்டி பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பார்.

ஒன்று முக்கியம். பெயரை அந்தந்த மொழிக்காரர்தான் நிரப்ப வேண்டும், மெஷின் அல்ல. ஆங்கிலத்தில் இருந்து மாற்றச் சொன்னால் அது 'உல்சூர்' என்று எழுதும், எந்தத் தமிழனும் சொல்லாத பெயர். பக்கத்தில் இருக்கும் ஓசூரை 'ஹோசூர்' ஆக்கிவிடும். தமிழிலிருந்து திருப்பிப் போவதும் நடக்காது. நம் எழுத்தில் ப-வும் ba-வும் ஒன்று என்பதால் பேகூரைக் கன்னடத்தில் எப்படி எழுதுவது என்று தமிழ் சொல்லாது. மனிதர்கள் செய்தாலும் ஜாக்கிரதை தேவை. 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வந்து, எங்கள் தூத்துக்குடிக்கு அத்தனை எழுத்தும் இரட்டித்துக்கொண்டு நிற்க, ஊரே சிரித்து, சில நாளிலேயே வாபஸ் ஆனது. அங்கேயும் ஒற்றைப் பெட்டிக்குத்தான் போராட்டம்.

சரி, எல்லாப் பெயரும் இருக்கட்டும், முதல் பெட்டி யாருக்கு? என் கருத்து: கர்நாடகாவில் கன்னடத்துக்கு. பிழைக்க வந்த இடத்தில் முதல் நாற்காலி கேட்பது நாகரிகம் இல்லை. ஆனால் அடுத்த வரியில் 'அல்சூர்' இருப்பதால் ஹலசூருவுக்கு ஒரு குறையும் வராது. அதே அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். சில நாளில் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறந்தார்கள். அப்புறம் யாருடைய தலையும் உருளவில்லையே! பெயர் விஷயத்திலும் அதுதான் மரியாதை. ஓசூருக்கும் தாளவாடிக்கும் கன்னடப் பெயரை நாம் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் அல்சூருக்குத் தமிழ்ப் பெயர் கேட்போம்.

எல்லாத் தகராறும் இதில் தீராது என்பதும் தெரியும். பெளகாவிக்கு மராட்டிக்காரர்கள் சொல்லும் பெயருக்குப் பின்னால் எல்லை வழக்கே இருக்கிறது, 2004-இலிருந்து உச்ச நீதிமன்றத்தில். அட்டவணை போட்டு அதைத் தீர்க்க முடியாது. 'யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் விஷமம் செய்வார்களே' என்பதும் நியாயமான கேள்வி. செய்வார்கள். ஆனால் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது அங்கே பதிவாகிறது, பழையபடி திருப்பவும் முடியும். சட்டத்துக்கு வேண்டிய பெயரை அரசு அதற்கான பெட்டியில் தானே கொடுக்கட்டும், ஆங்கிலத்தில் மட்டும் இல்லாமல் ஊர் மொழியிலும் பக்கத்து மொழியிலும்.

எங்கள் தலைமை அலுவலகத்துக்கு 'மாற்றுப் பெயர்' என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். பதில் வரும்போது வரட்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெரு தெருவாகத் தமிழ்ப் பெயர் போட்டுக்கொண்டிருக்கிறேன். கன்னட வரி காலியாக இருந்தால் பக்கத்து வீட்டு கௌடாவிடம் கேட்டு முதலில் அதைப் போடுகிறேன்.

உங்கள் தெருவுக்கு உங்கள் பாட்டி என்ன பெயர் சொல்வார்? அதை ஒரு தடவை எழுதி வையுங்கள். இன்னொரு பாட்டி நோட்டரியைத் தேடி ஆட்டோ ஏற வேண்டாம்.